தைத்த பாக்கெட்

பாதி முகத்தில் நுரையும் மறுபாதியில் வெறும் தோலுமாக மீசைக்காரரை நாற்காலியிலேயே விட்டுவிட்டு, சலூன்காரன் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு கடையின் பின்பக்கம் ஓடினான். ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் சலூனில் உட்கார இடம் இருக்காது. அன்றைக்குப் பார்த்துத்தான் அவன் மனைவிக்கும் ஃபோன் பேச அனுமதி. பயிற்சிப் பள்ளியில் எல்லோருடைய கைப்பேசியையும் வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்கள். வாரத்துக்கு ஒரு நாள், வரிசையில் நின்று, கூடத்தில் இருக்கும் பொது ஃபோனில் சில நிமிடங்கள் பேசலாம். பேசி முடிப்பதற்குள் பின்னால் நிற்பவள் தொண்டையைக் கனைப்பாள். இதெல்லாம் கடைக்கு வழக்கமாக வருகிறவர்களுக்கு மனப்பாடம். "பட்டாளத்துலேர்ந்து உத்தரவு வந்துடுச்சு. இனிமே நம்ம தலையெழுத்து" என்று பெஞ்சிலிருந்து ஒருவர் சொல்ல, மீசைக்காரர் நுரையோடு சிரித்தார்.

அவன் மனைவி விமானப்படையில் விமானம் பழுது பார்க்கும் தொழில்நுட்பப் பயிற்சியில் இருந்தாள். குழந்தை பிறந்த பிறகு எழுதிய தேர்வு. வயது வரம்பின் கடைசிப் படியில் நின்று பிடித்த இடம். ஒருமுறை வெளியே அனுப்பிவிட்டால் மறுபடி உள்ளே நுழைய வழியே இல்லை. சேருவதற்கு முந்தின நாள் அவளுடைய நீளமான முடியை இதே நாற்காலியில் உட்கார வைத்து அவன்தான் வெட்டினான். பாப்பா "அம்மா எங்க?" என்று கேட்டு அழுதாள். அவனும் பின்பக்கம் போய் அழுதுவிட்டு வந்தான். சொந்தக்காரர்கள் "பொண்டாட்டியைப் பட்டாளத்துக்கு அனுப்பிட்டு இவன் ஜடை பின்னுறான்" என்றார்கள். பின்னத்தான் பின்னினான். தலை சம்பந்தப்பட்ட எந்த வேலையிலும் தன்னை மிஞ்ச ஆள் இல்லை என்று அவனுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

"பாப்பா நல்லா இருக்காளா?" அவள் குரல் வறண்டிருந்தது.

"நல்லா இருக்கா. பக்கத்துக் கடை தையல்காரம்மா மடியில உக்காந்து பட்டன் பொறுக்குறா. நீ ஏன் ஒரு மாதிரி பேசுற?"

"இங்க ஒரு பிட் காணாம போச்சுங்க. திங்கக்கிழமையிலேர்ந்து வகுப்பே இல்ல. பயிற்சி விமானத்தைப் பிரிச்சுப் போட்டுத் தேடுறோம். தரையில கயிறு கட்டி, கட்டம் கட்டமா, முழங்கால் போட்டுத் தேடுறோம். நெட்டைதான் அன்னைக்கு டூல் பாக்ஸுக்குக் கையெழுத்துப் போட்டா. நாளைக்குக் காலையில விசாரணை. வீட்டுக்கு அனுப்பிடுவாங்க அவளை."

"நெட்டையையா?" அவளோடு பயிற்சியில் இருக்கும் உயரமான தோழிக்கு அங்கே அதுதான் பெயர்.

"பஸ் போயிடும்னு நான்தான் அவசரப்படுத்தினேன். பாப்பாவுக்குக் காய்ச்சல்னு சொல்லியிருந்தீங்கல்ல. நீ போடி, நான் பாத்துக்கிறேன்னு சொல்லிட்டு, எண்ணாமலே மூடிட்டா. எனக்காகத்தான் மூடினா." அவள் நிறுத்தினாள். மூச்சை இழுப்பது கேட்டது. "நான் என் பாக்கெட்டெல்லாம் உதறிப் பாத்துட்டேன். என்கிட்ட இல்ல."

"எப்படி இருக்கும் அந்த பிட்டு?" என்று அவன் கேட்டான். சும்மா, பேச்சை வளர்க்கத்தான் கேட்டான்.

"சின்னதுதாங்க. ஸ்க்ரூ டிரைவர்ல மாட்டுற முனை. விரல் நுனி அளவு. நட்சத்திரம் மாதிரி இருக்கும்."

பின்பக்கத் திரைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்து வழியாகக் கடையின் கண்ணாடி தெரிந்தது. அதன் கீழே பலகை. பலகையில் பவுடர் டப்பா, முடி வெட்டும் மெஷின். மெஷினுக்குப் பக்கத்தில், போன வாரத்திலிருந்து அவன் பொக்கிஷம் மாதிரி வைத்துக் காப்பாற்றி வரும் ஒரு சின்ன இரும்புத் துண்டு.

அவன் திரையை விலக்கி அதை மறுபடி பார்த்தான்.

"கிடைச்சிடும். கவலைப்படாத" என்று அவன் வாய் சொன்னது. சொன்ன பிறகுதான், என்ன சொன்னோம் என்று உறைத்தது. அந்தக் கூடத்தில் அவள் பக்கத்திலேயே பயிற்சியாளர் நிற்பார். கையில் எப்போதும் ஒரு டார்ச் விளக்கு வைத்துக்கொண்டு விமானத்தின் மூலை முடுக்கெல்லாம் அடித்துப் பார்ப்பதால் அவருக்கு டார்ச் என்றே பெயர். அவர் காதில் விழுகிற மாதிரி இதை எப்படிச் சொல்வது? அவன் வாயைத் திறப்பதற்குள் யாரோ கனைத்தார்கள். "வச்சிடுறேங்க" என்றாள். வைத்துவிட்டாள்.

மீசைக்காரருக்கு மீதிச் சவரத்தை அவன் எப்படிச் செய்து முடித்தான் என்று அவனுக்கே தெரியாது. கை தன்பாட்டுக்கு வேலை செய்ய, மனம் போன சனிக்கிழமைக்கு ஓடியது. அவள் வீட்டுக்கு வந்த ஒரே ஒரு இரவு. பையிலிருந்த நீல ஓவரால்களை அவன்தான் அலசினான். அவள் பாப்பாவைக் கட்டிக்கொண்டு அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள். ஒரு ஓவராலின் தொடைப் பாக்கெட் கிழிந்திருந்தது. பாக்கெட் துணிக்கும் உள்துணிக்கும் நடுவே ஏதோ நெருடியது. தள்ளித் தள்ளி எடுத்தான். நட்சத்திர முனை. பல நாளாக அவனுடைய மெஷினில் ஒரு ஸ்க்ரூ ஆடிக்கொண்டிருந்தது. அதைத் திருகும் முனைக்காகக் கடை கடையாக அலைந்திருந்தான். இது அதில் கச்சிதமாகப் பொருந்தியது. காலையில் அவளிடம் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். காலையில் பாப்பா அம்மாவின் கழுத்தை விடவில்லை. பஸ் வந்துவிட்டது. கேட்க மறந்துபோனான். பெரிய துரோகம் எதுவும் இல்லை, வெறும் மறதி. ஆனால் மறந்தவன் சும்மாவும் இருக்கவில்லை. தையல்காரம்மாவிடம் அதே நிறத்தில் நூல் வாங்கி, அந்தப் பாக்கெட் ஓட்டையை அழகாகத் தைத்தும் கொடுத்து அனுப்பியிருந்தான். தையலைப் பற்றி அவனுக்குப் பெருமை வேறு.

இப்போது அவள் அந்தப் பாக்கெட்டை எத்தனை முறை உதறினாலும் ஒன்றும் விழாது. ஓட்டை இருந்தது என்றே அவளுக்குத் தெரியாது.

அவளே ஒருமுறை அவனுடைய சீப்புகளைப் பரப்பி வைத்துக்கொண்டு விளக்கியிருந்தாள். டூல் பாக்ஸுக்குள் ஸ்பாஞ்சில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்திலேயே குழி வெட்டியிருப்பார்களாம். மூடும்போது ஒரு குழி காலியாக இருந்தாலும் ஒருத்தரும் வாசலைத் தாண்ட முடியாதாம். "ஒரு சின்ன முனைக்கா இவ்வளவு அமர்க்களம்?" என்று அவன் சிரித்தான். "அந்தச் சின்ன முனை உள்ள எங்கேயாவது விழுந்து, பறக்கும்போது ஒரு கம்பியில சிக்கிச்சுன்னா? மேல இருக்கிறவங்க கீழ வரமாட்டாங்க" என்று அவள் சிரிக்காமல் சொன்னாள். அன்றைக்கு மட்டும் அவன் தன் சீப்புகளை வரிசையாக அடுக்கினான். அடுத்த நாள் பழைய குருடி கதவைத் திறடி என்று ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில் சலூன் ஷட்டரை இறக்குகிறவனுக்குப் புத்தி சரியில்லை என்று அர்த்தம். பெஞ்சில் இருந்தவர்களும் அதையேதான் சொல்லிக்கொண்டு கலைந்தார்கள். அவன் பிட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தெருவில் நின்றான். நாலு எட்டு வைத்தால் சாக்கடை. இரும்பு மூடியில் சந்து பெரியது. போட்டால் தீர்ந்தது. யாருக்கும் தெரியாது, அவளுக்கே தெரியாது. அவள் பயிற்சியை முடிப்பாள், தோளில் பட்டை போட்டுக்கொண்டு வருவாள், பாப்பா கைதட்டுவாள். இதைத்தான் அவன் விரும்பினான். மறைத்து என்ன ஆகப்போகிறது, மனமார விரும்பினான். மூடிக்கு மேலே குனியக்கூடச் செய்தான்.

நெட்டையை அவன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறான். பார்வையாளர் நாளில் அவன் பாப்பாவோடு பள்ளிக்குப் போனபோது, அவள் பயிற்சியில் கழித்துப்போட்ட மெல்லிய கம்பியை டார்ச்சிடம் கேட்டு வாங்கி, பாப்பாவுக்கு ஒரு சின்னஞ்சிறு சைக்கிள் முறுக்கிக் கொடுத்தாள். சக்கரம் சுற்றும். அது இப்போதும் கடைக் கண்ணாடியின் ஓரத்தில் தொங்குகிறது. அதைப் பார்க்காமல் ஒரு நாளும் அவனால் கத்தியை எடுக்க முடியாது. அவன் நிமிர்ந்தான். பிட்டைக் காகிதத்தில் பொட்டலம் கட்டிச் சட்டைப் பையில் போட்டான். பாப்பாவைத் தையல்காரம்மாவிடம் ஒப்படைத்தான்.

"எங்கப்பா கிளம்பிட்ட, கடையைப் போட்டுட்டு?"

"ஒரு பொருளைத் திருப்பிக் குடுக்கணும்மா."

"முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு. தண்ணியாவது குடிச்சிட்டுப் போ."

பஸ்ஸில் வழியெல்லாம் அவன் சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். அந்தப் பையில் ஓட்டை இருக்குமோ என்று ஒரு பயம். பாதி வழியில் பொட்டலத்தை எடுத்துக் கையிலேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டான். பக்கத்தில் இருந்தவர் அவன் ஏதோ திருநீறு பொட்டலம் கொண்டுபோகிறான் என்று நினைத்து மரியாதையாகத் தள்ளி உட்கார்ந்தார்.

பள்ளி வாசலில் காவலர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "இன்னைக்குப் பார்வையாளர் நாள் இல்லையே. யாராவது தவறிட்டாங்களா?"

"ஐயோ, அதெல்லாம் இல்லீங்க."

"ஆஸ்பத்திரியா?"

பாப்பாவின் பெயரில் ஒரு நோயைச் சொல்ல நாக்கு எழவில்லை. உண்மையைச் சொன்னால் இந்த மனிதர் உடனே மேலே தகவல் கொடுப்பார். அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் திருடி ஆகிவிடுவாள். "மருந்துங்க. வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டாங்க" என்றான். பிறகு, எங்கிருந்து வந்தது அந்த யோசனை என்று தெரியவில்லை, குரலைத் தாழ்த்தி, "பொம்பளைங்க சமாச்சாரம்" என்றான்.

காவலரின் காது சிவந்தது. பொட்டலத்தை நீட்டியபோது அதைத் தொடவே இல்லை. சட்டைப் பையில் செருகியிருந்த கத்தரிக்கோலை மட்டும் வாங்கி மேசைமேல் வைத்துக்கொண்டு உள்ளே ஃபோன் செய்தார்.

அவள் ஓடி வந்தாள். பள்ளி விதிப்படி ஓடுவது வேறு, இது வேறு என்று தூரத்திலேயே தெரிந்தது. மேசைக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அறைக்குள் நுழைந்ததும் முதல் வார்த்தை "பாப்பா?" என்றாள்.

"நல்லா இருக்கா. சத்தியமா நல்லா இருக்கா. இத பாரு."

பொட்டலத்தைப் பிரித்தான். அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். முழங்கால்களில் ஓவரால் வெளுத்து, நூல் பிரிந்திருந்தது. அவள் நகங்களுக்குள் கறுப்பு.

"எங்க இருந்துச்சு?"

"உன் பாக்கெட் ஓட்டை வழியா உள்துணிக்குள்ள விழுந்திருக்கு. துவைக்கும்போது எடுத்தேன். கேக்க மறந்துட்டேன். ஓட்டையைத் தைச்சிட்டேன்."

அவள் தன் தொடையைக் குனிந்து பார்த்தாள். பாக்கெட்டுக்குள் கையை விட்டு அந்தத் தையலைத் தடவினாள்.

"ஒரு வாரமா இதை வச்சு என்ன பண்ணீங்க?"

"மெஷின்ல ஒரு ஸ்க்ரூ ஆடுச்சு..."

"நாங்க அங்க முழங்கால் தேயத் தேடிக்கிட்டிருக்கோம். நீங்க இதை வச்சு முடி வெட்டினீங்களா?" சிரிப்பு மாதிரி தொடங்கிய சத்தம் நடுவில் உடைந்தது. அவள் பிட்டை வெளிச்சத்துக்குத் தூக்கி, முனை தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தாள். அந்த நேரத்திலும் அதைப் பார்த்தாளே என்று அவனுக்கு நெஞ்சு நிறைந்தது, பயமாகவும் இருந்தது.

அவன் மெதுவாக, காவலருக்குக் கேட்காமல் சொன்னான். "எங்கேயாவது ஒரு மூலையில போட்டுடு. கிடைச்சிடுச்சுன்னு சொல்லு. நீயும் இருக்கலாம், நெட்டையும் இருப்பா."

வேண்டாம் என்று உடனே சொல்லிவிடுவாள் என்றுதான் அவன் நினைத்திருந்தான். அவள் யோசித்தாள். அவள் யோசிப்பதை அவனால் பார்க்க முடிந்தது.

"எந்த மூலைங்க?" என்றாள் கடைசியில். "எல்லா மூலையும் யாராவது தேடின மூலைதான். அங்க கிடைச்சா அவ ஒழுங்கா தேடலன்னு ஆகும். இன்னொருத்தி மாட்டுவா."

"உன்னை அனுப்பிட்டாங்கன்னா?"

"தெரியலங்க." கண் நிறைந்துவிட்டது, ஆனால் கையால் துடைக்கவில்லை. கையில்தான் பிட் இருந்தது. "ரெண்டு பேரையும் அனுப்பலாம். ரெண்டு பேரையும் வச்சுக்கலாம். தெரியல." பிறகு பாக்கெட்டை வெளியே இழுத்துப் போட்டாள். "இந்தத் தையலைப் பிரிங்க. எப்படி விழுந்துச்சுன்னு நான் காட்டணும்."

"கத்தரிக்கோல் அவர்கிட்ட இருக்கு."

"கேக்காதீங்க."

அவன் அவள் முன்னால் முழங்காலிட்டான். நகத்தால் நூலை நெம்பிப் பார்த்தான். வரவில்லை. அவ்வளவு நெருக்கமாகத் தைத்துத் தொலைத்திருந்தான். கடைசியில் குனிந்து பல்லால் கடித்தான். வாயில் சோப்பும் எண்ணெயும் கலந்த வாசனை அடித்தது. தலையில் அவள் கை வந்து ஒரு கணம் உட்கார்ந்தது. காவலர் மேசையில் எதையோ தேடுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நூல் அறுந்தது. ஓட்டையில் விரலை விட்டு இழுத்து, முன்பு இருந்த அளவுக்குத் திறந்துவிட்டான். அதற்கு மேல் ஒரு இழைகூடக் கிழிக்கவில்லை.

"பாப்பாகிட்ட என்ன சொல்ல?"

"அம்மாவைப் பாத்தேன்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அவள் வெளியேறினாள்.

"மருந்து குடுத்தாச்சா?" என்றார் காவலர்.

"குடுத்தாச்சுங்க."

"அப்ப இதை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க." கத்தரிக்கோலை நகர்த்தி வைத்தார். அவன் அதை எடுக்கவில்லை. வாசல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு மைதானத்தையே பார்த்தான்.

பயிற்சியில் இருப்பவர்கள் அந்த மைதானத்தைக் கடக்கும்போது இரண்டு கைகளையும் வீசி நடக்க வேண்டும். அவள் இடது கையை மட்டும் வீசினாள். வலது கையை முன்னால் நீட்டி, உள்ளங்கையை விரித்து வைத்திருந்தாள். எதிரே வந்த இரண்டு பெண்கள் அவள் கையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி உயரமாக இருந்தாள். அவன் மனைவி நிற்கவில்லை. அலுவலகத்தின் படிகளை ஏறினாள். கதவு திறந்து, உள்ளே டார்ச் வெளிச்சம் ஒன்று அவள் கையின் மேல் விழுந்தது. உள்ளே போகும்வரை, வெளியே இழுத்து விட்டிருந்த பாக்கெட் துணி அவள் தொடையின்மேல் வெள்ளையாக ஆடிக்கொண்டே போனது.