லயம் முழுக்கத் திறந்த புத்தகம்

ரோகினிக்கு முட்டி வலி. கையுறைத் தொழிற்சாலையில் வருஷக்கணக்காக நின்றுகொண்டே பெட்டி கட்டுகிறவளுக்கு வேறென்ன வரும்? இந்த முறை சூப்பர்வைசர் பரீட்சையில் தேறினால் உட்கார்ந்து வேலை பார்க்கலாம். காலி இடம் ஒன்றுதான். பரீட்சை சனிக்கிழமை. படிக்க வேண்டிய பாதுகாப்புப் பாடநூல் எந்தக் கடையிலும் இல்லை. மின்நூலாக மட்டும்தான் விற்கிறார்கள்.

வாங்கியும் விட்டாள். திறந்தால்தானே. அவள் போன் பழசு, புத்தகம் படிக்கும் செயலி அதில் ஏறவே இல்லை. லேப்டாப்போ ரஹாங்கில் குணாளன் கடையில் வாங்கிய பழையது. அதில் விண்டோஸ் கிடையாது, லினக்ஸ். வைரஸ் அண்டாது என்று பெருமையடித்துத்தான் குணாளன் அதை அவள் தலையில் கட்டினான். வைரஸ் அண்டவில்லைதான், புத்தகமும் அண்டவில்லை. யாரும் திருட்டு நகல் எடுக்காமல் இருக்கப் பூட்டுப் போட்டிருக்கிறார்களாம். அந்தப் பூட்டைத் திறக்கும் மென்பொருளை லினக்ஸுக்குச் செய்யவில்லையாம். திருடன் எப்படியோ உள்ளே போய்விடுவான். வாங்கியவள் வெளியே நிற்க வேண்டும். நல்ல நியாயம்.

மம்பா ஊருக்கு அப்பால், செம்பனைத் தோட்டத்து லயத்தில், சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில் குடியிருக்கிறவள் இதற்கு என்ன செய்வாள்? அங்கே ஒரு வீட்டில் கேஸ் தீர்ந்தால் அடுத்த வீட்டு அடுப்பில் சோறு வேகும். யார் போனிலாவது திறக்கிறதா பாருங்கள் என்று தன் பாஸ்வேர்டை லயம் முழுக்கக் கொடுத்தாள். ஹேமநாதன் போனில் திறந்தது. மங்கம்மாவின் மருமகன் போனில் திறந்தது. என்ன பிரயோஜனம், போன் அவரவர் கையோடு போய்விட்டது. இன்னும் இரண்டு மூன்று பேர் திறந்து பார்த்து மூடிவிட்டார்கள். அடுத்த வீட்டு சுபா மட்டும் மூடவில்லை. அவளுக்கும் அதே தொழிற்சாலை, அதே பரீட்சை. சந்தோஷமாகப் படிக்க உட்கார்ந்துவிட்டாள்.

குணாளனும் சும்மா இருக்கவில்லை. வேலை முடிந்து நொந்து நூலாகி வருகிறவளைத் தினமும் போனில் கூப்பிட்டு, விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட வைக்கும் ஏதோ ஒன்றை ஏற்றச் சொன்னான். இதைத் தட்டு, அதைத் தட்டு, மறுபடி முதலிலிருந்து தட்டு. வியாழக்கிழமை சாயங்காலம் ஒருவழியாக அது ஓடியது. புத்தகத்தின் அட்டைகூடத் தெரிந்தது. அட்டைக்கு மேலேயே ஓர் அறிவிப்பு வந்து நின்றது: இந்நூலுக்கு அனுமதிக்கப்பட்ட கருவிகளின் எண்ணிக்கை நிரம்பிவிட்டது.

லயத்தில் ஆளுக்கொரு முறை திறந்து பார்த்ததெல்லாம் கணக்கில் ஏறியிருந்தது. ரோகினிக்கு அழுகை வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டுமே. குணாளனைக் கூப்பிட்டாள்.

“உங்க கணக்குக்குள்ள போயி, ஏறியிருக்கிற போன் எல்லாத்தயும் ஒரேடியா அழிச்சிடலாம்க்கா. புக்கு விக்கிறவன் ஒரு தடவதான் விடுவான். பாஸ்வேர்டயும் மாத்திடுங்க. இல்லன்னா மறுபடி எல்லாரும் வந்து உக்காந்துடுவாங்க.”

எல்லாவற்றையும் என்றால் சுபாவையும்தான். புதிய பாஸ்வேர்டை அவளுக்கு மட்டும் சொல்லிவிடலாம். ரோகினி அதை யோசிக்காமல் இல்லை. காலி இடம் ஒன்றுதான் என்பதையும் யோசித்தாள். சுபா சின்னப் பெண், முட்டி நன்றாக இருக்கிறது, அடுத்த வருஷம் எழுதட்டும். நான் வாங்கிய புத்தகம்தானே. அழித்தாள். மாற்றினாள். புத்தகம் பெரிய எழுத்தில், அத்தனை தெளிவாகத் திறந்தது.

முதல் பாடம் முடிவதற்குள் வாசலில் சுபாவின் செருப்புச் சத்தம் கேட்டது. ரோகினி லேப்டாப்பின் மேல் துண்டைப் போட்டுவிட்டு எழுந்து போனாள்.

“ரோகினிக்கா, என் போன்ல புக்கு தொறக்க மாட்டேங்குதுலா. உங்களுக்கு?”

“எனக்கும்தான்” என்றாள் ரோகினி. தரையைப் பார்த்துத்தான் சொன்னாள்.

சுபா உச்சுக் கொட்டினாள்.

“பாவம்க்கா நீங்க. வாங்குனதுலேருந்து ஒரு பக்கம்கூட நீங்க பாக்கல. பஸ்ஸுல கேக்கலாம்னு நான் எல்லாப் பாடத்தயும் வாசிச்சி ரெக்கார்ட் பண்ணி வெச்சிருக்கேன். அனுப்பிடறேன். முட்டிக்குத் தைலம் தேச்சிக்கிட்டே கேளுங்க.”

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ரோகினிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வந்து உட்கார்ந்தாள், துண்டை எடுக்கவில்லை. பக்கத்தில் கிடந்த பழைய போன் டிங் என்றது. முதல் பாடம். கொஞ்ச நேரத்தில் மறுபடி டிங் என்றது. சுபா ஒவ்வொரு பாடமாக அனுப்பிக்கொண்டே இருந்தாள்.