ஒட்டகம் போட்ட மேடு

இதல்மாஸ் அகாவிடம் ஒன்பது தேநீர்க் கெண்டிகள் இருந்தன. காராகும் பாலைவனத்தில் விருந்தாளிக்கு ஆளுக்கொரு கெண்டி வைப்பதுதான் மரியாதை. ஒரே கெண்டியில் இரண்டு பேருக்கு ஊற்றுகிறவனை ஒட்டகம்கூடத் திரும்பிப் பார்க்காது. ஒன்பதில் எட்டு, பலகைமேல் கவிழ்ந்தே கிடந்தன. அவற்றுக்கு மனக்குறை வந்துவிடக் கூடாதென்று வாரத்துக்கு ஒன்றாக முறை வைத்துக் குடித்துவந்தார்.

கூட்டுப்பண்ணையின் ஆட்டுக் கிணற்றுக்கு அவர் காவல். வாளியை உள்ளே விட்டுவிட்டுத் தேநீர் போட்டு, ஆற்றி, குடித்து முடித்தால் அப்புறம் 'தொப்' என்று கேட்கும், அவ்வளவு ஆழம். வடக்கே கால்வாய் வந்ததும் ஆடுகள் அங்கே போய்விட்டன. மேய்ப்பர்கள் ஆடுகளின் பின்னால் போனார்கள். மனைவி அதற்கு முன்பே மண்ணுக்குள் போயிருந்தாள். பண்ணை அலுவலகம் கிணற்றை மறந்தது, கிணற்றோடு சேர்த்து அவரையும். ஒரு வசந்தத்தில் அடித்த காற்று அவர் வீட்டுக்குப் பின்னாலிருந்த மணல்மேட்டைப் பக்கத்து மாவட்டத்துக்குக் கொண்டுபோனது. அந்த மாவட்டத்துக்காரர்கள் மறுவாரமே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த ஆண்டு அவரைத் தேடி வந்தது அது ஒன்றுதான்.

அப்புறம் லாரிகள் வந்தன. தலைநகர் அஷ்காபாத்திலிருந்து எரிவாயு தேடி வந்த கூட்டம். வரிசையாக நிலத்தில் முள் வைத்த சிறு கருவிகளைக் குத்தினார்கள். அவற்றைக் 'காது' என்றார்கள். குழியில் வெடி வைப்பார்கள். அதிர்ச்சி பூமிக்குள் இறங்கி, பாறையில் முட்டித் திரும்பிவரும். காதுகள் அதைக் கேட்டுச் சொல்ல, லாரிக்குள் ஒரு பெட்டி அதைக் காகிதத்தில் கோடுகளாகக் கிறுக்கும். கோடுகளைப் படிப்பவள் கௌஹர். முப்பது வயது இருக்கும், தலைத்துணியில் பென்சிலைச் செருகியிருப்பாள்.

முதல் நாளே அவள் அவரிடம் வந்தாள்.

"அகா, வெடி வெடிக்கிறப்ப தயவுசெஞ்சு அசையாதீங்க. எறும்பு தும்முனாக்கூட இதுல விழுந்துரும்."

"நான் எங்க அசைஞ்சேன்?"

கௌஹர் காகிதத்தை நீட்டி ஒரு நெளிவைத் தொட்டாள். "இது யாரு? ஒன்பது மணிக்கு மணல்மேட்டுப் பக்கம் ஒதுங்கப் போனீங்களே, அது."

லாரி ஓட்டுகிற மெர்கென் விழுந்து விழுந்து சிரித்தான். "பெரியவரே, உங்க சங்கதி அஷ்காபாத் வரைக்கும் போகுது!"

இதல்மாஸ் அந்த நெளிவை வெகுநேரம் பார்த்தார். எழுதப் படிக்கத் தெரியாத அவர் காகிதத்தில் விழுந்தது அதுதான் முதல் தடவை.

அன்று எட்டுக் கெண்டிகளும் இறங்கின. போதாமல், அவர் தன் தேநீரைத் தகரக் குவளையில் குடித்தார். பத்து நாளைக்கு அந்த வீட்டில் சண்டை, சீட்டாட்டம், ஒருவன் வாங்கின கடனுக்கு இன்னொருவன் சத்தியம், எல்லாம் நடந்தது. அவருடைய நாய் சமையல் லாரியடியில் படுத்து உருண்டையாகிவிட்டது.

பதினோராம் நாள் கௌஹர் கோடுகளைச் சுருட்டி வைத்தாள்.

"ஒண்ணுமில்ல அகா. கீழ பழைய கடலோட அடித்தரை இருக்கு, சுண்ணாம்புப் பாறை. அதுக்கு மேல உப்பு, மூடி போட்ட மாதிரி. பாறை எங்கயாவது மேடா குமிஞ்சிருந்தா வாயு ஏறிவந்து உப்புக்கடியில மாட்டிக்கும். இங்க எல்லாம் ரொட்டி மாதிரி சப்பையா கிடக்கு. மிச்சம் ஒரே ஒரு வரிசைதான். நாளைக்கு முடிச்சிட்டுக் கிளம்புறோம்."

"மேடு இருந்தா?"

"இருந்தா துளை போடுற ரிக் வரும். அறுபது பேர் வருவாங்க. மாசக்கணக்கா இருப்பாங்க."

இதல்மாஸ் பலகையைப் பார்த்தார். எட்டுக் கெண்டிகளும் மறுபடி கவிழ்ந்து படுப்பதற்கு ஒரு பகல்தான் பாக்கி.

மறுநாள் அவர் தன் ஒட்டகத்தைப் பிடித்துக்கொண்டு மணல்மேட்டுக்குப் பின்னால் போனார். காதுகளின் கடைசி வரிசை மணல்மேட்டின் அந்தப் பக்கம் ஓடியது. ஓரத்துக் காதுகளுக்கு நேராக ஒட்டகத்தைப் பூப்போல நடத்தினார். நடுவுக்கு வரவர வேகம். நடுக்காதுக்கு நேராக அதை மண்டியிட வைத்து எழுப்பி, எழுப்பி மண்டியிட வைத்து, தானும் பூட்ஸ் காலால் திங்குதிங்கென்று குதித்தார். வெடிச்சத்தம் கேட்கும்போதெல்லாம் இதே கச்சேரி. சாயங்காலம் ஒட்டகம் புல் தின்ன மறுத்துவிட்டது. அவருக்கு முழங்கால் மடங்கவில்லை.

லாரிக்குள்ளிருந்து கௌஹர் கத்தினாள். "மேடு! மெர்கென், இங்க வா, மேடுடா!"

ரிக் வந்தது. கிணற்றடியில் கூடாரங்கள் முளைத்தன. கெண்டிகள் பலகையைத் தொட்டே மாதக்கணக்கானது. துளைக்கு ஒரு பேர் வேண்டும், பக்கத்து ஊர் பேரைத்தான் வைப்பது வழக்கம் என்றாள் கௌஹர். பக்கத்தில் ஊரே இல்லை. அதனால் அவர் பேரையே வைத்தார்கள்.

"நாய்கூட எடுக்காதுன்னு அர்த்தம் வர்ற பேரு, பெரியவரே," என்றான் மெர்கென். "துளைக்கு ராசியான பேராத் தெரியலையே."

"எனக்கு முன்னாடி பொறந்த நாலும் தங்கல. எமன் ஏமாறட்டும்னு எங்கம்மா வச்சது. ஏமாந்துதானே இருக்கான்? உன் ரிக்கும் பொழைச்சிக்கும், போ."

துளைக்கருவி இறங்கியது. களிமண், மணற்பாறை, நடுவில் சிப்பிகள் பதிந்த ஒரு கல். "இங்கயும் மீன் பிடிச்சிருப்பாங்களா மகளே?" என்று கேட்டார். பிடிக்க ஆள் இல்லை, கடல் மட்டும் தனியாக இருந்தது என்றாள். அவருக்கு அந்தக் கடல்மேல் இரக்கம் வந்தது. கல்லை வாங்கி மாடத்தில் வைத்தார். அப்புறம் உப்பு, ஒரு மலையளவு உப்பு. ஒவ்வொரு நாளும் ரிக் இரைச்சல் நிற்காதபடி வேண்டிக்கொண்டார். உப்பைத் தாண்டிச் சுண்ணாம்புப் பாறையைத் தொட்ட அன்று இரைச்சல் நின்றது.

வாயு இல்லை. கொதிக்கிற உப்புத் தண்ணீர் வந்தது. அதில் ஸ்பேனர் மிதந்தது என்று மெர்கென் சொன்னதை இதல்மாஸ் நம்பவில்லை. அவர் பார்த்தபோது மிதந்தது சுத்தியல்.

கூடாரங்களைச் சுருட்டிக்கொண்டிருந்த மத்தியானம் கௌஹர் தனியாக வந்து உட்கார்ந்தாள். அவர் கெண்டியை அவள் முன்னால் வைத்தார். அவள் ஊற்றிக்கொள்ளவில்லை.

"பழைய காகிதத்தை எல்லாம் மறுபடி எடுத்துப் பாத்தேன் அகா."

"ம்."

"வெடி வச்சாத்தான் பூமி பதில் சொல்லும். இந்த மேடு வெடிக்கு முன்னாடியே பதில் சொல்லுது. ரெண்டு எடத்துல."

"ஒட்டகத்துக்குப் பொறுமை கம்மி," என்றார் இதல்மாஸ்.

கௌஹர் சிரிக்கவில்லை. "அன்னிக்கே பாத்திருக்கணும். மேடு வேணும்னு நானும் ஆசைப்பட்டுட்டேன்." அவரை நிமிர்ந்து பார்த்து, "ஏன் அகா?" என்றாள்.

அவர் கண் பலகைக்குப் போனது. அவள் கண்ணும் போனது. ஏழு கெண்டிகளைக் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. எட்டாவது அவள் முன்னால் ஆறிக்கொண்டிருந்தது.

"உன்ன வேலைய விட்டுத் தூக்கிருவாங்களா மகளே?"

"வெறும் துளை போடாத ஆளு எங்க ஆபீஸ்ல யாரு இருக்கா? வரைபட அறைல உக்கார வைப்பாங்க. கேலி பண்ணுவாங்க." அவள் அந்த ஆறிய தேநீர் முழுவதையும் குடித்தாள். கெண்டியைத் தானே கழுவினாள். கவிழ்க்காமல் நிமிர்த்தியே வைத்துவிட்டுப் போனாள்.

துளையைச் சிமெண்டால் அடைத்து ஓர் இரும்புக் கம்பத்தை நட்டார்கள். கம்பத்தில் அவர் பேர். லாரிகள் கிளம்பின. நாய் சமையல் லாரியில் ஏறிக்கொண்டது. பேரைக் காப்பாற்றியது.

அதன்பின் கம்பத்துக்கு அவ்வப்போது போய்வந்தார். ஒரு தடவை, பிடுங்க மறந்த ஒரு காதை முள் புதருக்கடியில் பார்த்தார். ஒயர் அறுந்திருந்தது. அதன் பக்கத்தில் உட்கார்ந்து அன்றைய செய்திகளைச் சொல்லுவார். செய்தி என்று பெரிதாக இருக்காது.

மூன்றாவது இலையுதிர்காலத்தில் ஒரு ஜீப் வந்து நின்றது. குழாய்ப் பாதை அளக்கிற இரண்டு பேர், உதடெல்லாம் வெடித்து.

"பெரியவரே, இதல்மாஸ் எந்தப் பக்கம்?"

"எதுக்கு?"

"எதுக்கா? சாப்பிட, பெட்ரோல் போட, படுக்க! படத்துல பாத்துத்தான் நாப்பது மைல் சுத்தி வந்திருக்கோம்."

ஒருவன் வரைபடத்தை விரித்தான். வெறும் மஞ்சள் நடுவில் சில எழுத்துகள். கம்பத்தில் பார்த்துப் பார்த்து அந்த எழுத்துகள் மட்டும் அவருக்கு அத்துப்படி. பக்கத்தில் மசியால் ஒரு குட்டிப் படம்.

"இது என்ன, அடைச்ச துளைக்குப் போடுற குறியா?"

"துளையா? வீடுங்க இது. ஊருக்குப் போடுற குறி. எல்லாப் புதுப் படத்துலயும் இருக்கே. வரைபட அறைல ஒரு அம்மா, தலைத்துணில பென்சில் வச்சிருக்கும், அதுதான் போட்டுக் குடுத்துச்சு. ஊர் எங்க?"

இதல்மாஸ் ஓரமாகத் திரும்பி மூக்கைச் சிந்தினார். மணல் காற்று.

"வந்துட்டீங்க. உக்காருங்க, தண்ணி கொதிக்குது."

"இதுவா? மொத்தம் எத்தன பேரு ஊருல?"

"இன்னிக்கு மூணு," என்றார்.

ஆளுக்கொரு கெண்டி வைத்தார். அவர்கள் அவரைத் திட்டினார்கள், படத்தைத் திட்டினார்கள், ரொட்டி தின்றார்கள், குறட்டை விட்டார்கள், விடிந்ததும் போனார்கள். பகலுக்குள் காற்று சக்கரத் தடத்தை மூடிவிட்டது.

இதல்மாஸ் இரண்டு கெண்டிகளையும் கழுவினார். பிறகு பலகையிலிருந்த மற்றவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து நிமிர்த்தி வைத்தார். உள்ளே மணல் விழும். தினமும் துடைக்க வேண்டியிருக்கும். துடைக்கலாம், வேறு வேலை இல்லை.