மைனா யாரிடமும் போவதில்லை

காலையில் பேருந்துக்குக் காத்திருந்தபோது மைனாவைத் தத்தெடுக்க அழைத்துப்போயிருந்த லிஃப்ட் மெக்கானிக்கிடமிருந்து போன் வந்தது. ஒருதடவை வீட்டுக்கு வந்துபோக முடியுமா என்று கேட்டார். "போன்ல சொல்ற விஷயம் இல்ல மேடம்" என்றார். குழந்தைக்கு உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டேன். இல்லை என்றார். வேறு ஏதோ சொல்ல வந்தவர், மத்தியானம் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருப்பதாக மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோர்ட். அன்று நீதிபதி கையெழுத்துப் போட்டால் மைனா சட்டப்படி அவர்களுடைய மகள். அதுவரை, வேண்டாம் என்று அவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் போய் அவளை அழைத்துக்கொண்டு வந்துவிட வேண்டும்.

குழந்தைகளைத் தத்துக் கொடுக்கும் இந்த வேலைக்கு நான் வந்தபின் ஒரு குழந்தை அப்படித் திரும்பி வந்திருக்கிறாள். அழைத்துவந்தது நான்தான். வண்டியில் அவள் அழவில்லை. புதுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, "இது எனக்கா, அவங்ககிட்டயே திருப்பிக் குடுக்கணுமா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு எந்த வீட்டிலிருந்து போன் வந்தாலும் எனக்கு அந்தப் பைதான் ஞாபகம் வரும்.

ஆபீஸில் பெரிய மேடத்திடம் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "போய்ப் பாரு. நீ பேசாத, அவங்களைப் பேச விடு" என்றார். பிறகு, "அது உனக்கு ஒண்ணும் கஷ்டமா இருக்காது" என்றார். பக்கத்து மேஜையில் சிரித்தார்கள். நான் வாயைத் திறப்பதில்லை என்பது எங்கள் ஆபீஸில் பழைய கிண்டல்.

மைனா என்பது காப்பகத்தில் வைத்த செல்லப்பெயர். நான்கு வயது. கண் விழித்ததிலிருந்து யாரிடமாவது பேசிக்கொண்டே இருப்பாள். கேட்டைத் தாண்டி யார் வந்தாலும் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்வாள். பெண் என்றால் அம்மா, ஆண் என்றால் அப்பா. தண்ணீர் கேன் போட வருகிறவர், "எனக்கு இன்னும் பொண்ணே பார்க்கல பாப்பா, பேரைக் கெடுத்துடாத" என்று கேனை இறக்கிவிட்டு ஓடுவார். ஆயாக்கள் ஷிப்ட் மாறும்போது ஒருவருக்கு டாட்டா காட்டிவிட்டு அடுத்தவர் இடுப்பில் ஏறிக்கொள்வாள். எல்லோருக்கும் அவளைப் பிடிக்கும்.

மெக்கானிக்கும் அவர் மனைவியும் முதன்முதலாகப் பார்க்க வந்த அன்று, ஓடிவந்து அந்த அம்மாவின் மடியில் ஏறி உட்கார்ந்து "அம்மா" என்றாள். அவர் அழுதுவிட்டார். பல வருடங்கள் காத்திருந்தவர். அன்று காலையில் காய்கறி கொண்டுவந்த பெண்ணையும் அவள் அப்படித்தான் கூப்பிட்டிருந்தாள். அந்த நேரத்தில் அதைச் சொல்ல யாருக்கு மனம் வரும்.

பேருந்தில் போகும்போது என்னென்ன கேட்பது என்று யோசித்தேன். யோசித்ததெல்லாம் கடைசியில் காப்பகத்தில் மைனா படுத்த கட்டிலில் வந்து நின்றது. அதில் இப்போது வேறு குழந்தை படுக்கிறது.

மெக்கானிக் குடியிருக்கும் கட்டிடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். மாடி ஏறி மணியை அடித்தேன். கதவைத் திறந்தவர் அந்த அம்மா. தலை வாரவில்லை. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. இடுப்பில் மைனா.

"மைனா" என்று கூப்பிட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பார்த்ததும் முகத்தைத் திருப்பி அந்த அம்மாவின் தோளில் புதைத்துக்கொண்டாள். கையை நீட்டினேன். காலால் உதைத்தாள்.

எங்கள் வேலையில், ஓடிவந்த குழந்தை ஒதுங்கினால் மனம் முதலில் ஒரே இடத்துக்குத்தான் போகும். கண் தானாகத் தேடும். கை, கால், கழுத்து, காதுக்குப் பின்னால். நான் தேடினேன். மைனாவின் மேல் ஒரு கீறல்கூட இல்லை. கால் விரல்களில் ரோஸ் நிற நெயில் பாலிஷ் இருந்தது. காயம் அந்த அம்மாவின் முழங்கையில் இருந்தது. பல் பதிந்த தடம். ஒன்று சிவப்பாக, இன்னொன்று பழசாகிப் பச்சையாக.

நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். கையை மறைத்துக்கொள்ளவில்லை.

உட்காரச் சொன்னார்கள். மெக்கானிக் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றுகொண்டார். அந்த அம்மாதான் பேசினார். முதல் மாதம் தங்கமாக இருந்தாளாம். போட்டதைச் சாப்பிட்டு, படுக்க வைத்தால் தூங்கி, அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் போவாளாம். இப்போது யாரிடமும் போவதில்லை. தான் குளியலறைக் கதவைச் சாத்தினால் வெளியே நின்று கத்துகிறாள். படுக்கையை நனைக்கிறாள். மாடியில் துணி எடுக்கப் போய்த் திரும்பினால் ஓடிவந்து கடிக்கிறாள்.

"ஹோம்ல எவ்வளவு நல்லா இருந்தா மேடம். நான்தான் என்னமோ தப்பு பண்ணிட்டேன். அவளைக் கெடுத்துட்டேன்." அவர் குரல் மிகவும் சாதாரணமாக இருந்தது. பலமுறை தனக்குள் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். "எனக்கு வேண்டாம்னு இல்ல. குழந்தை வளர்க்கத் தெரிஞ்ச வீடா பார்த்துக் குடுங்க. கையெழுத்துக்கு முன்னாடியே சொல்லிடணும்னு தோணுச்சு."

மெக்கானிக் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதுதான் போனில் சொல்ல முடியாத விஷயம்.

கெஞ்சலாம். வெள்ளிக்கிழமை மட்டும் எப்படியாவது தாண்டட்டும் என்று பேசலாம். ஆனால் அப்படிக் கெஞ்சி நிறுத்திய குழந்தை கொஞ்ச காலத்தில் இன்னும் மோசமாகத் திரும்பி வரும் என்று பெரிய மேடம் சொல்லியிருக்கிறார். நான் தண்ணீரைக் குடித்தேன்.

அப்போது மணி அடித்தது. மெக்கானிக்கின் அக்கா. அடுத்த தெருவில் இருக்கிறவர். செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்தார்.

"மேடம் வந்துட்டீங்களா, நல்லது. ராஜகுமாரி இன்னும் கீழ இறங்கலையா?" தம்பி மனைவியைப் பார்த்து, "நீ முகம் கழுவி எத்தனை நாளாச்சு? அத்தைகிட்ட குடு அவளை" என்றார்.

"வேண்டாம் அண்ணி, கத்துவா."

"கத்தட்டும். நாங்க பெத்து வளர்க்காத பிள்ளையா?"

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை எங்கே பட்டது என்று அவருக்கே தெரிந்தது போலிருந்தது. ஆனால் கை அதற்குள் மைனாவைப் பிடித்துவிட்டது.

மைனா விறைத்துக்கொண்டாள். சத்தம் வரவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது. முகம் கறுத்தது. பிறகு வந்த அலறலில் நான் எழுந்து நின்றுவிட்டேன். காப்பகத்தில் அவள் விழுந்து நெற்றியில் தையல் போட்ட அன்றுகூட இப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. அத்தையின் கையிலிருந்து வழுக்கித் தரையில் விழப்போனாள். அந்த அம்மா பாய்ந்து வாங்கிக்கொண்டார். மைனா அவர் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். இன்னொரு முறையும் அறைந்தாள். அப்புறம் இரண்டு கையாலும் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தாடைக்குக் கீழே தலையை நுழைத்துக்கொண்டாள். அலறல் நின்றுவிட்டது. யாரோ சுவிட்சை அணைத்ததுபோல.

"பார்த்தீங்கல்ல மேடம்" என்றார் அத்தை மூச்சு வாங்க. "தினமும் இதே கூத்து."

நான் பார்த்தேன். இதைப் பற்றிப் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதியிருக்கிறேன். கண்ணால் பார்ப்பது அதுதான் முதல்முறை.

"ஹோம்ல இவ யாருக்காகவும் அழுததில்ல" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பச் சொன்னேன். "ஒருத்தர் போனா டாட்டா காட்டுவா. இன்னொருத்தர் வருவாங்கன்னு அவளுக்குத் தெரியும். எல்லாரும் அம்மான்னா யார் போனா என்ன? இப்ப நீங்க போனா அவளுக்கு வேற ஆள் இல்ல. அதான் கத்துறா."

"அதுக்குக் கடிக்கணுமா?" என்றார் அத்தை.

"விட்டுட்டுப் போனாங்கன்னு கோபம். அவங்க திரும்பி வந்தாத்தானே கடிக்க முடியும்."

அந்த அம்மா மைனாவின் முதுகைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார். "அப்போ நான் கெடுக்கலையா?"

"இல்ல."

சொல்லிவிட்டேன். சொன்னதும் பயம் பிடித்துக்கொண்டது. நான் நினைப்பது தவறாக இருந்தால்? இது நிற்காமலே போனால்? வேறு ஏதாவது இருந்து அது என் கண்ணில் படாமல் போயிருந்தால்? அடுத்த வாரமே இவளை டாக்டரிடம் காட்டச் சொல்ல வேண்டும். "இது சீக்கிரம் சரியாகிடும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றேன். "மாசக்கணக்கா ஆகலாம். உங்களுக்குத் தூக்கம் இருக்காது. முடியாதுன்னு நீங்க சொன்னா அதுவும் தப்பில்ல." கடைசி வாக்கியத்தை அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். தம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

மெக்கானிக் தொண்டையைக் கனைத்தார். முன்பெல்லாம் வேலை முடிந்து வந்தால் அப்பா என்று ஓடிவருவாளாம். இப்போது எட்டிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் ஓடிவிடுகிறாளாம். அதுவும் இதே கணக்குதானா என்று கேட்டார். அவருக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும் என்றேன்.

"அதாவது நான் வரிசையில நிக்கணும்."

"ஆமா சார்."

அவர் தலையாட்டினார். சிரிக்க முயன்றார், வரவில்லை.

அத்தை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். மைனா ஒரு கண்ணை மட்டும் திறந்து அவரையும் என்னையும் பார்த்தாள். அந்த அம்மா அவளை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை. அவர் கேட்டார்:

"கோர்ட்ல இவளை யார்கிட்டயாவது குடுக்கச் சொல்வாங்களா?"

எனக்கு உடனே புரியவில்லை. பிறகு, அப்படி இல்லை என்றும், மூன்று பேரும் சேர்ந்தே உள்ளே போகலாம் என்றும் சொன்னேன். நீதிபதி குழந்தையிடம் பேர் கேட்பார், அவ்வளவுதான்.

"தூக்கிக் கொஞ்சணும்னு கேட்டாங்கன்னா?"

"சில பேர் கேப்பாங்க."

"கேட்டாலும் தர மாட்டேன்னு முன்னாடியே சொல்லி வச்சிடுங்க மேடம்." அவர் நாத்தனார் பக்கம் திரும்பினார். "அண்ணி, நீங்களும்தான். கொஞ்ச நாளைக்கு அவ உங்களைத் தூரத்துலேர்ந்தே பார்க்கட்டும்."

அத்தை வாயைத் திறந்தார். தம்பியைப் பார்த்தார். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கென்ன, என் பல்லு கொட்டினதுக்கு அப்புறம் வந்தாலும் சரி" என்று முணுமுணுத்துவிட்டு, சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் எந்த வாசலில் நிற்க வேண்டும் என்று மெக்கானிக் கேட்டார். சொன்னேன். அவர் கேட்காமலே இன்னொரு தடவையும் சொன்னேன்.