இரவல் குரல்

ரிமோட்டைக் காணவில்லை. லுன் மலர்வளையங்களுக்குப் பின்னால் தேடினான், ஊதுவத்திக் கட்டுகளைத் தூக்கிப் பார்த்தான், அப்பாவோடு எரிப்பதற்காகக் காகிதத்தில் செய்து வைத்திருந்த இரண்டு மாடி வீட்டின் வாசலுக்குள்ளும் கையை விட்டுத் துழாவினான். நாற்பத்தொன்பது வயது ஆள், வெள்ளை அங்கியும் தலையில் வெள்ளைத் துணியுமாக, அப்பாவின் படத்துக்கு எதிரே நாலு காலில் தவழ்ந்துகொண்டிருந்தான். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் துக்கம் தாளாமல் சாய்ந்துவிட்டான் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும், நல்லதுதான் என்று அவனும் விட்டுவிட்டான்.

ஹாங்காங்கின் ஹங் ஹாமில் அந்தச் சாவுச்சடங்கு மண்டபத்தை மாலை நாலு மணிக்கே திறந்து கொடுத்திருந்தார்கள். பழைய ஸ்டுடியோ ஆட்கள் மூன்று பேர் ஒரு டிவியைத் தூக்கிக்கொண்டு வந்து, யாரையும் கேட்காமல் காகிதப் பூக்களுக்கு நடுவே வைத்து, விசிடியைப் போட்டுவிட்டார்கள். திரையில் அப்பா தொப்புள்வரை தொங்கும் ஒட்டுத்தாடியோடு மூங்கில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஐந்து சீடர்கள் மண்டியிட்டிருந்தார்கள்.

“மலையை விட்டுப் போகிறவன் கதவைச் சாத்திவிட்டுப் போகட்டும்,” என்றார் அப்பா. “கிழவனுக்குக் குளிர் ஆகாது.”

ஆழமான குரல். லேசான கரகரப்பு, வாக்கியம் முடிகிற இடத்தில் அளவான ஒரு பெருமூச்சு. வந்திருந்தவர்கள் தலையை ஆட்டிக்கொண்டார்கள். மளிகைக்கடைக்காரர் மனைவி, என்ன இருந்தாலும் மோக் ஐயாவின் குரல் தனிதான் என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்.

குரல் லுன்னுடையது.

மோக் தின்-யாவ், அதாவது லுன்னின் அப்பா, நடிகர் இல்லை. மலையடிவாரத்தில் இருந்த ஒரு ஸ்டுடியோவின் சாப்பாட்டுக் கொட்டகையில் சமையல்காரர். எழுபத்தாறாம் வருடம், வயதான குருவாக நடிக்க வந்தவர் இரண்டாம் நாளே கோபித்துக்கொண்டு போய்விட்டார். சோறு தின்ன வந்த டைரக்டர், பாத்திரம் கழுவுகிறவர்களைக் கரண்டியை நீட்டித் திட்டிக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தார். தாடியை இந்த ஆளுக்கு ஒட்டிவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். குங்ஃபூவில் அப்பாவுக்கு ஒரு குத்துகூடத் தெரியாது. அதனால் முக்கால் படம் நாற்காலியிலேயே ஓடியது. கடைசிச் சண்டையில் முதுகைக் காட்டிக்கொண்டு பறந்து பறந்து அடித்தது, அதே தாடியைக் கட்டிய பத்தொன்பது வயதுப் பையன். சமையல்காரரும் மாஸ்டர், சண்டை சொல்லித்தருகிறவரும் மாஸ்டர் என்பதால் கூப்பிடுகிற பெயரை மட்டும் யாரும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

அந்தக் காலத்தில் படத்தை ஊமையாக எடுப்பார்கள். குரல் பிறகு வரும். குரல் கொடுக்கும் அறையில் லுன் சம்பளத்துக்கு இருந்தான். ஒரே படத்தில் கொள்ளைக்காரன், கோயில் பூசாரி, பிணம் தூக்குகிற இரண்டு பேர் எல்லாருக்கும் அவனே பேசுவான். அவனிடம் பன்னிரண்டு குரல்கள் இருந்தன. வீட்டில் பேசுகிற தொய்சான் ஊர்ப்பேச்சு அதில் சேர்த்தி இல்லை. பள்ளிக்கூடத்தில் நாலு பேர் கேலி செய்ததும் அதைக் கழற்றிப் போட்டவன் பிறகு தொட்டதே இல்லை.

குருவின் குரலை அப்பாவே கொடுப்பதாக இருந்தது. இரண்டு வாரம் கொதிக்கிற எலும்புச் சாற்றுக்கு முன்னால் நின்று வசனம் பேசிப் பழகினார். குரல் பதிவு நாளில் தன்னிடமிருந்த ஒரே கோட்டைப் போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, வாயில் தொண்டை மிட்டாயோடு வந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக்கின் முன்னால் கையைக் கட்டி நின்று சொன்னார்:

“மலய வுட்டுப் போறவன் கதவச் சாத்திப்புட்டுப் போவட்டும். கெழவனுக்குக் குளிரு ஆவாது.”

லுன் சிரித்துவிட்டான்.

சிரிப்பு அவனைக் கேட்டுக்கொண்டு வரவில்லைதான். வந்த பிறகு அவன் நிறுத்தவும் இல்லை. மகனே சிரிக்கும்போது நமக்கென்ன என்று அறையில் இருந்த இன்னும் நாலு பேர் சிரித்தார்கள். அப்பாவுக்குச் சத்தம் கேட்டிருக்காது. கண்ணாடி தடிமன். ஆனால் ஐந்து வாய்கள் திறந்திருந்ததைப் பார்த்தார்.

பிரிவுத் தலைவர் ஃபுங் மட்டும்தான் சிரிக்கவில்லை. “நல்லாத்தான இருக்கு? மலையில இருக்கிற வாத்தியார் ஊர்ப்பேச்சு பேசினா என்ன குடி முழுகிடும்? உங்கப்பா, நீயே சொல்லு.”

“வேணாம்ண்ணே,” என்றான் லுன். “நானே பேசிடறேன்.”

அன்று சாயங்காலமே பேசினான். டேப் வீணாகக் கூடாது என்பது கம்பெனியின் கொள்கை. அப்பா பேசிய அதே டேப்பின் மேலேயே பேசினான்.

வீட்டுக்குப் போய், எல்லாருக்கும் டப்பிங் ஆட்கள்தான் பேசவேண்டுமாம், புதுச் சட்டமாம் என்று சொன்னான். அப்பா, சட்டம் என்றால் சட்டம்தான் என்றார். சாப்பிட்டாயா என்று கேட்டார்.

அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருடம். கடைசி இரண்டு வருடம் பக்கவாதம் வந்து அப்பாவின் பேச்சை எடுத்துக்கொண்டது. வாழ்நாள் முழுக்க மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து சோறு தின்ற மகனிடம், அப்பாவின் குரல் அரை நிமிடம்கூட இல்லை. செத்துப்போன ஒரு கொள்ளைக்காரனின் இருமல் பத்து விதத்தில் இருந்தது.

ரிமோட் பாவின் தொடைக்கு அடியில் இருந்தது. பாவ், படத்தில் மூத்த சீடன். அன்றைக்கு ஒரே தாவில் மதில் ஏறினவர். இன்றைக்கு டாக்சி ஓட்டுகிறார், தொப்பை ஸ்டியரிங்கில் இடிக்கிறது. லுன் கையை நீட்டியதும் இன்னும் கொஞ்சம் அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.

“இந்த சீன் முடியட்டும் தம்பி. இதுல நாங்க அஞ்சு பேரும் அழுவோம் பாரு. கிளிசரின் இல்ல. நெஜ அழுகை.”

“படத்துக்கு அழுதீங்க. அதுக்கென்ன இப்ப?”

“உனக்குத் தெரியாது, நீ அன்னைக்கு செட்டுல இல்ல. கெழவனுக்குக் குளிரு ஆவாதுன்னு மாஸ்டர் ஊர்ப்பேச்சுல சொன்னாரு பாரு, எனக்கு எங்க தாத்தா ஞாபகம் வந்துடுச்சு. கேமராக்காரன் மூக்க உறிஞ்சிக்கிட்டே எடுத்தான்.”

லுன் திரையைப் பார்த்தான். பாவின் இளமைக்கால முகம் மண்ணில் நெற்றியை முட்டிக்கொண்டிருந்தது.

“யாரும் சிரிக்கலையா?”

“எதுக்குச் சிரிக்கணும்?” என்றார் பாவ். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

அவரே தொடர்ந்தார். படத்தில் பேசுவது லுன்தான் என்பது அவர்களுக்கெல்லாம் தெரியுமாம். மாஸ்டர் கஞ்சிக்கடை போட்ட பிறகு, வருகிறவர் போகிறவரையெல்லாம் நிறுத்தி, என் வாயில் என் பையன் பேசுகிறான், போய்ப் பார் என்பாராம். ஒருமுறை பாவ், நீங்களே பேசியிருக்கலாமே மாஸ்டர் என்று கேட்டிருக்கிறார்.

“என்ன சொன்னாரு?”

“மைக்கப் பார்த்ததும் காலு ஒதறிடுச்சாம். நானே வேணாம்னுட்டேன், பையன்தான் கைகொடுத்தான்னாரு.” பாவ் லுன்னின் முதுகில் தட்டினார். “நல்ல காரியம் பண்ண தம்பி.”

லுன் வாயைத் திறந்தான். பன்னிரண்டு குரலில் ஒன்றும் வரவில்லை. அதற்குள் அக்கா வான் அந்தப் பக்கத்திலிருந்து கையை அசைத்துக் கூப்பிட்டாள். அப்பாவுக்குச் சோறு வைக்கிற நேரம்.

ரிமோட்டைப் பாவ் தாமாகவே எடுத்து டிவியை அணைத்தார்.

மேசையின் வெள்ளைத் துணி தரைவரை தொங்கியது. அதன்மேல் ஒரு கிண்ணம் சோறு, ஆவியில் வேகவைத்த மீன், உப்பு முட்டை வைத்து வேகவைத்த பன்றிக்கறி. மீன் கொஞ்சம் அதிகமாக வெந்திருந்தது. அப்பா இருந்திருந்தால் சமையல்காரனைப் பெயர் சொல்லி விசாரித்திருப்பார். வீட்டில் பெரியவர்களைக் கூப்பிடாமல் யாரும் சாப்பாட்டுக் குச்சியைத் தொடுவதில்லை. செத்த பிறகும் அதேதான். மூத்த மகன் கூப்பிட வேண்டும், கூப்பிட்டுவிட்டுக் கட்டை உருட்ட வேண்டும்.

பூசாரி இரண்டு மரக்கட்டைகளை லுன்னின் உள்ளங்கையில் வைத்தார். பிறை மாதிரி வளைந்தவை, ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் புடைப்பு. ஒன்று மல்லாந்து ஒன்று கவிழ்ந்தால் வந்து உட்கார்ந்துவிட்டார் என்று பொருள். இரண்டும் கவிழ்ந்தால் மாட்டேன் என்கிறார்.

லுன் மண்டியிட்டான். “அப்பா, சாப்பிட வாங்க,” என்றான். குரல் மண்டபத்தின் கடைசி வரிசைவரை போய்த் திரும்பியது. ஆழம், கரகரப்பு, முடிவில் பெருமூச்சு. பின்னால் யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

கட்டைகள் விழுந்தன. இரண்டும் மல்லாந்து.

“சிரிக்கிறாரு,” என்றார் பூசாரி.

அப்படி விழுந்தால் அதுதான் பொருள், அவர் தன் பாட்டுக்குச் சொன்னார். வந்திருந்தவர்களுக்கு அது பிடித்துவிட்டது. தலைமேல் போட்ட வெள்ளைத் துணிக்குள்ளிருந்து மருமக்களும் லேசாகச் சிரித்தார்கள். மாஸ்டர் நல்ல மூடில் இருக்கிறார் என்றார் பாவ். லுன்னின் காதுமடல் மட்டும் கொதித்தது.

இரண்டாவது தடவை இன்னும் மெதுவாக, இன்னும் அழகாகக் கூப்பிட்டான். கட்டைகள் உருண்டு, திரும்பி, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக மல்லாந்தன.

“மறுபடியும் சிரிக்கிறாரு.”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. வான் குனிந்து தம்பியின் காதருகில் வந்தாள். அந்தப் பழைய சிரிப்பைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. அன்றைக்கு அவள் பிளாஸ்டிக் பூ தொழிற்சாலையில் இருந்தாள்.

“பதறாதடா. சமைக்கிறவன் என்னைக்கு மொதல் பந்தியில உக்காந்தான்? எல்லாரும் தின்னப்புறம்தான வருவாரு. இன்னொரு தரம் கூப்பிடு.”

லுன் கட்டைகளைப் பொறுக்கினான். உள்ளங்கை வியர்த்து வழுக்கியது. மேலே படத்தில் அப்பா கஞ்சிக்கடைச் சட்டையோடு, தாடி இல்லாமல், கேமராக்காரன் எப்போது முடிப்பான் என்கிற முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். எந்தக் குரலில் கூப்பிட்டால் இவருக்குக் கேட்கும் என்று லுன்னுக்குத் தெரியும். தெரிந்ததுதான் கஷ்டமாக இருந்தது. இந்த மண்டபத்தில் முப்பது பேர், அதில் பாதிப் பேர் சினிமாக்காரர்கள், தன்னோடு வேலை செய்தவர்கள்.

“யப்போவ்,” என்றான்.

நாக்கு எங்கே போவது என்று தெரியாமல் பல்லில் இடித்தது. குரல் மெலிந்து, ஏறவேண்டிய இடத்தில் இறங்கி, இறங்கவேண்டிய இடத்தில் உடைந்தது. ஒரு படத்திலும் இப்படிப் பேசினவனுக்கு இரண்டாவது வாய்ப்புக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

“யப்போவ், சோறு திங்க வாப்பா. ஆறிப்போவுது.”

வான் சட்டென்று தலையைத் தூக்கித் தம்பியைப் பார்த்தாள். நாற்பது வருடத்தில் அவன் வாயிலிருந்து அந்தப் பேச்சு வந்து அவள் கேட்டதில்லை.

கட்டைகள் கையிலிருந்து விழுந்தன என்பதைவிட நழுவின என்று சொல்லவேண்டும். ஒன்று காலடியிலேயே மல்லாந்து கிடந்தது. மற்றது துள்ளி, வளைந்து ஓடி, மேசைத்துணிக்கு அடியில் போய்விட்டது.

பூசாரிக்கு முழங்கால் வலி. மேசையைப் பார்த்தார், பிறகு லுன்னைப் பார்த்தார். லுன் துணியை விலக்கி உள்ளே தவழ்ந்தான். தலை போயிற்று, தோள் போயிற்று, இடுப்பும் போயிற்று. வெளியே வெள்ளைக் காலுறை போட்ட இரண்டு பாதங்கள் மட்டும் மிச்சம் இருந்தன.

“எப்படிடா கெடக்கு?” என்றாள் வான்.

துணி ஒரு தடவை அசைந்தது, பிறகு நின்றது. பூசாரி சத்தம் வராமல் மணியின் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டார். பாவ் எழுந்து வந்து, குனிந்து பார்க்கப் போனவர், பாதங்கள் குலுங்குவதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

வான் இன்னொரு முறை கேட்கவில்லை. கடைசிப் பந்திக்கு வருகிறவருக்குச் சோறு ஆறாமலிருக்க, கிண்ணத்தின் மேல் ஒரு தட்டை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்.