கம்மல் போட்ட சர்க்யூட்

இரண்டே பேர் வேலை பார்க்கும் கம்பெனியில் 'தலைமை மின்சுற்று வடிவமைப்பாளர்' என்று விசிட்டிங் கார்டு அடித்துக்கொள்ள ஒரு துணிச்சல் வேண்டும். மேதைக்கு அது மூட்டை மூட்டையாக இருந்தது. மற்ற ஆள் அவர் மனைவி. போர்டில் பாகங்களைப் பற்றவைப்பது, பார்சல் கட்டுவது, வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்பது எல்லாம் அவள் இலாகா. 'மேதை' என்ற பட்டத்தைக் கொடுத்தவளும் அவள்தான். கொடுக்கும்போது அவள் பாராட்டவில்லை என்பது ஊருக்கே தெரியும், அவரைத் தவிர.

இந்தத் தடவை ஒரு பிஸ்கட் தொழிற்சாலைக்காகப் பெட்டி செய்திருந்தார். பெல்ட்டில் உடைந்த பிஸ்கட் வந்தால் அது கண்டுபிடித்து, சின்னதாக ஒரு கையை நீட்டி ஓரம் தள்ளிவிடும். உள்ளே நம் இஷ்டப்படி புரோகிராம் செய்துகொள்ளும் லாஜிக் சிப். வெளியே இரண்டு பட்டன்: ஒன்று அமுக்கினால் கை தள்ளும், மற்றது பெல்ட்டைப் பின்னால் ஓட்டும்.

முதலில் செய்த போர்டில் ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு ரெசிஸ்டர், அதாவது குட்டி மின்தடை, இருந்தது. அப்புறம்தான் எளிமை அவர் தலைக்கேறியது.

"பட்டனை அமுக்கினா சிப்புக்கு அஞ்சு வோல்ட் போகுது. விட்டா ஒண்ணுமில்லை. ஒண்ணுமில்லைன்னா பூஜ்யம்தானே? பூஜ்யத்துக்குப் போய் 'நீ பூஜ்யம்'னு பாடம் எடுக்க ஒரு ரெசிஸ்டரா?"

பிடுங்கிய ரெசிஸ்டர் இரண்டுக்கும் கொக்கி வைத்துக் கல்யாண நாளன்று மனைவிக்குக் கம்மலாகக் கொடுத்தார். பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு என்று வளையம் வளையமாக அழகாகத்தான் இருந்தன. "தங்கம் கேட்டேன், குப்பை வந்திருக்கு" என்றபடி அவளும் போட்டுக்கொண்டாள்.

பட்டறையில் பெட்டி சொன்ன பேச்சுக் கேட்டது. வந்தவர் போனவருக்கெல்லாம் அதன்மேல் இடது கையை ஊன்றிக்கொண்டு மேதை விளக்கவுரை நிகழ்த்தினார். ஒரு பிஸ்கட்கூடத் தப்பவில்லை.

ஆனால் மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள்: "இந்த ஆர்டரும் கைநழுவிப் போச்சுன்னா, பேசாம எங்க அண்ணன் டைல்ஸ் கடைக்குப் போயிடுங்க."

அந்த மச்சானுக்குப் பொறுமை கிடையாது. தொழிற்சாலையில் பெட்டியை ஓட்டிக் காட்டும் நாளன்று மேதையோடும் மனைவியோடும் அவரும் கிளம்பி வந்துவிட்டார், கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு. உள்ளே கடைப் பெயர் தைத்த புது யூனிஃபார்ம் சட்டை.

"அளவு சரியா இருக்கும் மாப்பிள்ளை. தொட்டுப் பாருங்க, நல்ல காட்டன்."

மேதை தொடவில்லை. பெட்டியின்மேல் கையை ஊன்றி உரையைத் தொடங்கினார். பெல்ட் ஓடியது; உடைந்தது மட்டும் ஓரம் போனது. மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டிருந்த முதலாளியம்மாவுக்கு முகம் மலர்ந்தது.

"அருமையா இருக்கு சார். கையை எடுங்க, அதுவா ஓடட்டும்."

எடுத்தார்.

ஒரு நல்ல பிஸ்கட் பறந்தது. பின்னாலேயே இன்னொன்று. பெல்ட் முன்னால் போனது, பின்னால் வந்தது, எங்கே போகிறோம் என்று தெரியாமல் நடுங்கியது. வேடிக்கை பார்க்க மச்சான் கிட்டே வந்தாரோ இல்லையோ, பெட்டிக்குச் சாமி வந்த மாதிரி ஆகிவிட்டது. பிஸ்கட் மழை. ஒன்று அவர் சட்டைப்பையிலேயே போய் உட்கார்ந்தது. அவர் அதை எடுத்துத் தின்றுவிட்டார்.

மேதை பாய்ந்து கையை வைத்தார். தூக்கிக்கொண்டதும் அழுகையை நிறுத்தும் குழந்தைபோல எல்லாம் அடங்கியது.

"இது வந்து, ஆளை உணரும் தொழில்நுட்பம்" என்றார், வியர்வையைத் துடைத்தபடி. "பொறுப்பான ஒருத்தர் தொட்டுட்டு இருந்தாதான் ஓடும். பாதுகாப்புக்காக."

"எனக்கு ராத்திரி பகலா ஓடுது சார். நீங்க தூங்குவீங்கல்ல?"

"எங்க கடையில ஆறு மணிக்கே ஷட்டரை இறக்கிடுவோம் மாப்பிள்ளை" என்றார் மச்சான், வாய் நிறைய பிஸ்கட்டோடு.

முதலாளியம்மா விடுவதாக இல்லை. "கை இருக்கட்டும். பேச்சை மட்டும் நிறுத்திப் பாருங்க."

நிறுத்தினார். பெட்டி ஒழுங்காக ஓடியது.

"அப்போ பேச்சுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. இப்ப ஒவ்வொரு விரலா எடுங்க."

சுண்டுவிரல் போனது, ஒன்றும் ஆகவில்லை. மற்ற மூன்றும் போயின, அமைதி. கட்டைவிரலை எடுத்தார். பிஸ்கட் பறந்தது.

மேதை குனிந்து தன் கட்டைவிரல் இருந்த இடத்தைப் பார்த்தார். பட்டன் ஒயர்கள் வந்து சேரும் இரண்டு திருகுகள், நடுவே பூஜ்ய வோல்ட் ஒயரின் திருகு. பட்டனை விட்டதும் அந்த ஒயர்கள் பூஜ்யத்துக்குப் போகவில்லை, அந்தரத்தில் தொங்கின. காற்றில் வந்த மின்சார இரைச்சலையெல்லாம் பிடித்து, 'அமுக்கிட்டாங்க, அமுக்கிட்டாங்க' என்று சிப்பிடம் கோள் மூட்டிக்கொண்டிருந்தன. பட்டறையில் அவற்றை இழுத்துப் பிடித்து அடக்கி வைத்தது அவர் தோல். அதாவது, தேவையில்லை என்று பிடுங்கிய ரெசிஸ்டராக இத்தனை நாளும் வேலை பார்த்தது தலைமை மின்சுற்று வடிவமைப்பாளரே.

இன்னொரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. மச்சான் கையில் பிளாஸ்டிக் பை சரசரத்தது.

மேதைக்கு முதலில் மூக்கில்தான் சிரிப்பு வந்தது. அப்புறம் தோள் குலுங்கியது. அப்புறம் நிற்கவே முடியவில்லை.

"மேடம், ரெண்டு ரெசிஸ்டர் போடாம விட்டுட்டேன். அதுங்க வேலையை நான் பாத்துட்டு இருந்திருக்கேன், சம்பளமில்லாம!"

"சரி, போடுங்க."

"கொண்டுவரலையே." உபரிப் பாகங்களைச் சுமப்பது வடிவமைப்புக்கே அவமானம் என்று காலையில்தான் முழங்கியிருந்தார்.

மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். காதில் இரண்டும் ஊஞ்சலாடின. மேதையின் பார்வை அங்கேயே ஒட்டிக்கொண்டது.

"என்ன அப்படிப் பாக்கறீங்க?"

"கம்மலைக் கழட்டு."

"கல்யாண நாள் பரிசுங்க இது!"

"வேற வாங்கித் தரேன்."

"தங்கத்துல?"

"தங்கத்துலதான் தாயே, கழட்டு!"

தொழிற்சாலை எலெக்ட்ரீஷியன் சால்டரிங் அயர்ன் கொடுத்தார். கொக்கியை வெட்டக்கூடப் பொறுமையில்லை. அப்படியே வைத்துப் பற்றவைத்தார்கள். மேதை கையை எடுத்தார், இரண்டடி தள்ளி நின்றார், கண்ணை மூடிக்கொண்டார்.

பெல்ட் தன்பாட்டுக்கு ஓடியது. முதலாளியம்மா பட்டனை அமுக்கினார், கை தள்ளியது. விட்டார், சும்மா இருந்தது. திருப்தியில்லாமல் மச்சானைப் பெட்டியைச் சுற்றி ஓடச் சொன்னார். மச்சான் மூச்சிரைக்க ஓடினார். ஒரு பிஸ்கட் அசையவில்லை.

"எல்லா பெல்ட்டுக்கும் செஞ்சு குடுத்துடுங்க" என்றார் முதலாளியம்மா. "ரெசிஸ்டர் கட்டாயம் வேணும். பேச்சு வேண்டாம், அது இல்லாமலே நல்லா ஓடுது."

மேதை அரை மணி நேர நன்றியுரைக்காக வாயைத் திறந்து, அவர் முகத்தைப் பார்த்து, மூடிக்கொண்டார்.

தரை, பெல்ட், பெட்டி எங்கும் பிஸ்கட் தூள். மனைவி சுற்றுமுற்றும் பார்த்தாள். அண்ணன் கையிலிருந்த பையை வாங்கி, சட்டையை உதறி எடுத்து, பெல்ட்டை அழுத்தித் துடைத்தாள்.

"நீ சொன்னது சரிதாண்ணா" என்றாள். "நல்ல காட்டன்."