ஊட்டி வரை உடன்வந்த சித்தர்

கூடலூர் மேட்டு மாரியம்மனின் நூற்றெட்டுப் போற்றியை எழுதியது யார் என்று கேட்டால், ஊரில் ஒருவரும் தயங்க மாட்டார்கள். பெயர் தெரியாத சித்தர் ஒருவர் மலையாளத்தில், ஓலையில் எழுதினார். அவருடைய சீடர் தமிழாக்கினார். இந்த விவரம் தெரியாத ஒரே ஆள், அதை எழுதிய கனகமணி.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள் அவள். எட்டு வருஷத்துக்கு முன் திருவிழா நோட்டீஸில் பின்பக்கம் காலியாகக் கிடந்தது. "ஏதாச்சும் போட்டு நிரப்பி உடு அம்மணி" என்றார் கோயில் தலைவர் சந்துரு. அவளும் உட்கார்ந்து நூற்றெட்டு வரி எழுதி நிரப்பினாள். 'மலை ஆளும் தாயே போற்றி' என்பது மட்டும் அவசரத்தில் 'மலையாளத் தாயே போற்றி' என்று அச்சாகிவிட்டது. அந்தப் பிழையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ரிட்டயர்டு தமிழாசிரியர் ஆறுக்குட்டி ஆராய்ச்சியில் இறங்கினார். மூலம் மலையாளம், வயது எழுநூறு வருஷம் என்று கண்டுபிடித்தார். அந்த நோட்டீஸுக்கு முன்னால் இது எங்கே இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. சாமி விஷயத்தில் அப்படியெல்லாம் கேட்பது அபச்சாரம்.

கனகமணிக்கு இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, போற்றியைக் கல்லில் வெட்டப்போகிறோம் என்று சந்துருவும் ஆறுக்குட்டியும் கடைக்கு வந்த நாள் வரை.

"எல்லாம் அப்படியே இருக்கட்டுமுங்க. இந்த ஒரு வரிய மட்டும் எடுத்துப்போடுங்க" என்றார் ஆறுக்குட்டி. சிவப்பு மையில் அடித்திருந்த வரி: 'ஊட்டி வரை உடன்வந்தாய் போற்றி.' "சித்தர் காலத்துல ஊட்டி ஏதுங்க? பின்னால யாரோ சொருகிப்போட்டாங்க. இடைச்செருகல்."

கனகமணி தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மற்ற நூற்றேழும் பக்கத்தை நிரப்ப எழுதியவை. இது ஒன்றுதான் மனசார எழுதியது. கைக்குழந்தையாக இருந்த மகள் கனிஷ்காவுக்கு வலிப்பு வந்து, இங்கே பார்க்க முடியாது, ஊட்டிக்குக் கொண்டுபோங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பைக்காரா தாண்டியும் பிள்ளை கண் திறக்கவில்லை. ஆம்புலன்ஸில் ஒவ்வொரு வளைவிலும் மாரியாத்தாவைக் கூப்பிட்டுக்கொண்டே போனாள். பிள்ளை பிழைத்தது.

"ஏனுங்க, இத எழுதுனதே நாந்தானுங்க. மலையாளம்கிறதும் என்னோட டைப்பிங் மிஸ்டேக்குங்க."

ஆறுக்குட்டி பரிதாபமாகச் சிரித்தார். "டைப் அடிச்சவங்க எல்லாம் எழுதுனவங்க ஆயிருவாங்களா?"

"சாமி காரியத்துல பேருக்கு ஆசப்படக் கூடாது அம்மணி" என்றார் சந்துரு. கோயில் ட்யூப்லைட்டில்கூட 'உபயம்: சந்துரு' என்று எழுதி வைத்திருப்பவர் அவர்.

உண்மை இங்கே போணியாகாது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்தினாள். "சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தனுங்க. கனவுல ஒருத்தரு வந்தாருங்க. அந்த வரிய எடுத்தா மிச்சமும் என்னுது இல்லைன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

சந்துரு செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்.

ஆராய்ச்சி முடிவை மாற்றிக்கொள்ள ஆறுக்குட்டிக்கு மூச்சு விடும் நேரம் போதுமாக இருந்தது. "நாந்தான் தப்பாப் படிச்சிருக்கறேன். ஊட்டிங்கிறது ஊரு இல்லீங்க. பாலூட்டி. தாய்மைன்னு பொருள்."

"ஆளு எப்படி இருந்தாருங்க?" சந்துருவின் வாயில் முதல் தடவையாக அவளுக்கு ஒரு 'ங்க' வந்தது.

"ஒல்லியா இருந்தாருங்க. கண்ணாடி போட்டிருந்தாரு" என்ற கனகமணி, தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். இருவரும் பக்தியோடு தலையாட்டினார்கள்.

கல்வெட்டைத் திறந்த அன்று கூட்டம் தாங்கவில்லை. மூலம் சித்தர், தமிழாக்கம் சீடர், டைப்பிங் கனகமணி என்று அடியில் பொறித்திருந்தார்கள். செய்ததில் அவள் தப்பாகச் செய்தது டைப்பிங் ஒன்றுதான். அதற்கு மட்டும் பேர் கிடைத்துவிட்டது.

கனிஷ்கா அந்த ஊட்டி வரியை விரலால் தடவிப் பார்த்தாள். "ஏம்மா, அந்தச் சித்தர் என்னயப் பாத்துருக்காரா?"

"பாத்துருக்காரு கண்ணு" என்றாள் கனகமணி. "ஊட்டி போய்ச் சேர்ற வரைக்கும் நீ அவரு மடியிலதான் கெடந்த."