அசையாத படம்

இன்னும் முப்பத்தொரு மணி நேரம் இருந்தது. நாளை மாலை ஐந்து மணிக்குள் அந்த அரிய நீலப் பூவின் தெளிவான படம் ஒன்றைக் கொடுக்காவிட்டால், காட்டுக்குள் சாலை போட வன அலுவலகம் அனுமதி கொடுத்துவிடும்.

அவளிடம் அந்தப் பூவின் படங்கள் நானூறு இருந்தன. ஒன்றிலும் பூ இல்லை. படம் பதியும் அரை நொடியில் கேமராவைக் கீழிருந்து மேலாக மெல்ல இழுத்து எடுத்தவை. தண்டுகள் பச்சைக் கோடுகளாகவும் பூக்கள் நீலப் புகையாகவும் நீண்டிருந்தன. கண்காட்சியில் ஆட்கள் அவற்றின் முன் வெகுநேரம் நின்றார்கள். வன அலுவலர் நேற்று ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை.

"பூவா இது? கொடியில காயப்போட்ட துணி மாதிரி இருக்கு. இதே நிறத்துல சாதாரணப் பூ ஒண்ணும் உண்டும்மா. இதழுக்குள்ள வெள்ளைக் கோடு தெரியணும்."

பூத்து முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

"தெரியும் சார்," என்றாள் அக்கா. சாலை வேண்டாம் என்ற மனுவில் கையெழுத்து வாங்க வீடு வீடாக ஏறி இறங்கியவள். "இவ ஒவ்வொரு தடவையும் முதல்ல ஆடாம ஒண்ணு எடுப்பா, ஃபோகஸ் பாக்க. அதுல ஒண்ணு கொண்டு வர்றோம்."

வெளியே வந்ததும், ஹார்ட் டிஸ்க் கீழே விழுந்து கெட்டுவிட்டது என்று அக்காவிடம் சொன்னாள். வாயில் வந்தது அதுதான்.

அதனால்தான் இந்தக் கடை. கெட்ட டிஸ்குகளைப் பிழைக்க வைப்பவரை எல்லோரும் டாக்டர் என்றார்கள்.

"எவ்வளவு உயரத்துல இருந்து விழுந்துச்சு?"

"மேசையில இருந்து."

"எந்தப் பக்கமா?"

"பாக்கல."

"கையில எதுவும் நிக்காது டாக்டர்," என்றாள் அக்கா. "சின்ன வயசுல என்னையே மாடிப்படியில தள்ளிவிட்டவ."

டாக்டர் சிரித்தார். சின்னச் சின்னத் திருகாணிகளைக் கழற்றினார். அன்று முழுவதும் அடிபட்ட இடத்தைத் தேடினார். மறுநாள் காலை உள்ளிருந்த மின்சுற்றுப் பலகையை மாற்றினார். அவள் சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். மேலே பார்க்காமலேயே மணி தெரிந்தது. அக்கா இரண்டு தடவை தேநீர் வாங்கி வந்தாள். இரண்டும் ஆடை கட்டிப் போயின.

ஒன்றரை மணிக்கு டாக்டர் கண்ணிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார்.

"எனக்குப் புரியல. ஒரு கீறல்கூட இல்ல. எங்கேன்னு தேடுறது?"

அக்கா முதல் தடவையாக உட்கார்ந்தாள். முழங்கால் மேல் வைத்திருந்த மனுவின் ஓரம் கசங்கியது.

"யாரோ அழிச்ச படமா இருந்தா பிரச்சினையே இல்ல," என்றார் டாக்டர். "மேல வேற எதுவும் பதியலன்னா மூணு மணி நேரத்துல எடுத்துடலாம். இது விழுந்ததாச்சே."

அவள் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். மூன்று மணி நேரம். நேற்று காலையே சொல்லியிருந்தால்?

"விடுங்க டாக்டர். நீங்க என்ன செய்வீங்க?" அக்கா எழுந்தாள். "வாடி, போகலாம்."

அவள் எழவில்லை.

"டிஸ்க் விழவே இல்லக்கா. ஆடாத படத்தை எல்லாம் நான்தான் அழிச்சேன். யாராவது பாத்துட்டு, இந்தப் பூ இவ்வளவுதானான்னு கேட்டுடுவாங்களோன்னு."